மதகுப் பலகையில் கை வைக்குமுன்: கரையோர இறால், மீன், சிப்பிப் பண்ணைகளுக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

குளத்தில் ஏதாவது கோளாறு என்றால் நம்மவர்களின் கை முதலில் போவது மதகுப் பலகைக்குத்தான். பழைய தண்ணியைத் திறந்துவிடு, புதுத் தண்ணியை இறை. பாதி நேரம் அதுவே தப்பு. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வரை பெரும்பாலான இறால் குளங்கள் தண்ணீர் எடுப்பதும் விடுவதும் ஒரே ஒல்லாந்தர் கால்வாயிலும் அதோடு தொடுத்த களப்புகளிலும்தான். மேற்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் அமாவாசை, பூரணையிலும் முக்கால் மீற்றர் அளவுதான். களப்புக்குள் அது இன்னும் சுருங்கிவிடும். கழுவிக்கொண்டு போகக் கடல் வராது. காலையில் நீங்கள் தள்ளிய தண்ணீர் பகலில் பக்கத்துப் பண்ணையின் பம்பு வாயிலும், மறுநாள் உங்கள் பம்பு வாயிலும் நிற்கும்.

கொழும்பில் வீடும் சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் பண்ணையுமாக இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வெள்ளவத்தையில் இருப்பவருக்குக் கோளாறு தெரியவருவது தொலைபேசியில். "அண்ணே, இறால் எல்லாம் மேலே வந்துட்டுது, பலகையைத் தூக்கவா?" பதில் சொல்லுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். மணி என்ன? குளத்தின் அடியில் ஒட்சிசன் எவ்வளவு? வாய்க்காலில் எவ்வளவு? நேற்று இரவுத் தீன் தட்டில் மிச்சம் இருந்ததா? நான்குக்கும் எண்ணோடு பதில் வராவிட்டால் பலகை அசையக்கூடாது.

அந்த எண்ணைச் சொல்லப் பண்ணையில் இருக்க வேண்டியவை: ஒட்சிசன் மானி, பி.எச். மானி, உவர்ப்புமானி, அமோனியா சோதனைப் பெட்டி, தண்ணீரின் தெளிவைப் பார்க்க நூலில் கட்டி இறக்கும் கறுப்பு வெள்ளைச் செக்கித் தட்டு, ஒரு கொப்பி. மானி வாங்குகிறவர்கள் அதன் மாற்றுச் சவ்வையும் பி.எச். 7, 10 அளவுத் திரவங்களையும் வாங்க மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் மானி பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்லும் மானியைவிட மானி இல்லாமலிருப்பது மேல்.

விடியற்காலையில் இறால் மேற்பரப்பில் மிதக்கிறது

முதல் சந்தேகம் ஒட்சிசன் குறைவு. வெயில் ஏறி ஒன்பது மணிக்குள் இறால் அடிக்குப் போய்விட்டால் சந்தேகம் சரி. பகலிலும் வரப்போரமே சோர்ந்து நின்றால் இந்தப் பகுதியை விட்டுக் கீழே வெண்புள்ளிப் பகுதிக்குப் போங்கள்.

மானியை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். இறால் அங்கேதான் வாழ்கிறது, மேல் தண்ணீரின் அளவு அதற்கு உதவாது. லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே இறங்கினால் தீன் எடுப்பது குறையும். 2க்குக் கீழே சாவு தொடங்கலாம்.

அடுத்து வாய்க்காலை அளக்கவும். வாய்க்காலிலும் பாசி உண்டு, அதுவும் இரவு முழுக்க ஒட்சிசனைத் தின்றிருக்கும். அதே நேரத்தில் பத்துப் பண்ணைக்காரர் பலகையைத் தூக்கியிருந்தால் வாய்க்காலின் நிலை குளத்தைவிடக் கேவலமாகவும் இருக்கும். வாய்க்கால் தண்ணீரில் குளத்தைவிட 2 மில்லிகிராமாவது கூட இல்லையென்றால் இறைப்பதால் பயன் இல்லை, டீசல் செலவுதான்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: எல்லாக் காற்றூட்டும் சக்கரங்களையும் ஓடவிட்டு, காலைத் தீனை முழுதாக நிறுத்தவும். சக்கரம் பழுதாகி, அளவு 2க்குக் கீழே போய்விட்டால் மட்டும் ஐதரசன் பேரொட்சைட்டு. கணக்கு இதுதான்: லீற்றருக்கு 1 மில்லிகிராம் ஒட்சிசன் கூட்ட ஏறத்தாழ 2.1 மில்லிகிராம் பேரொட்சைட்டு வேண்டும். அரை ஹெக்டயர், 1.2 மீற்றர் ஆழக் குளத்தில் 6,000 கன மீற்றர் தண்ணீர். அதற்கு 50 சதவீதத் திரவம் ஏறத்தாழ 25 கிலோ. வாளியில் நன்றாக நீர்த்து, சக்கரத்தின் முன்னால் ஊற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் கானைத் திறக்கக்கூடாது, தோல் வெந்துவிடும்.

உயிர் பிழைத்ததும் காரணத்தைத் தேடுங்கள். ஒரு குதிரைவலுச் சக்கரம் 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும். வீச்சுவலையில் மாதிரி பிடித்துக் குளத்தில் 2,000 கிலோ என்று கணக்கு வந்தால் 4 குதிரைவலு அடிமட்டம், 5 இருந்தால் உறக்கம் வரும். சக்கரம் போதுமாக இருந்தும் இப்படி ஆனால் பாசி அடர்ந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு 12, 13 மில்லிகிராம், விடியலில் 3 என்று ஊஞ்சலாடும் குளம் அதுதான். செக்கித் தட்டு 30 முதல் 45 செ.மீ.க்குள் மறைய வேண்டும். 20இலேயே மறைந்தால் தீன் கூடிவிட்டது என்று அர்த்தம். பாசிக்கு உரம் போடுவது உங்கள் தீன்தான். குறைக்க வேண்டியது தண்ணீரை அல்ல.

ஒரே இரவில் பச்சைத் தண்ணீர் தெளிந்து, பழுப்பு நுரை காற்றுத் தள்ளும் மூலையில் ஒதுங்கினால் பாசி செத்துவிட்டது. அடுத்த மூன்று நாளும் ஆபத்தான நாட்கள்: செத்த பாசி ஒட்சிசனைத் தின்று அமோனியாவைக் கக்கும். நுரையை வாரியெடுத்து மேட்டு நிலத்தில் புதைக்கவும், தீனைப் பாதியாக்கவும், சக்கரம் இரவும் பகலும் ஓடட்டும். இந்த மூன்று நாளில் திறந்துவிட்டால் செத்த பாசி முழுவதும் பக்கத்துக்காரனின் குளத்துக்குப் போய்ச் சேரும்.

அமோனியா கூடுகிறது, இறால் தீனைத் தொடவில்லை

சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அமோனியாவை. நஞ்சாவது அதில் ஒரு பங்கு மட்டும், அந்தப் பங்கை நிர்ணயிப்பது பி.எச்., வெப்பநிலை. 28 பாகையில் பி.எச். 7 என்றால் நஞ்சுப் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 8 என்றால் 6 சதவீதம் அளவு. 9 என்றால் 40ஐத் தொடும். உவர் நீரில் கொஞ்சம் குறையும், போக்கு அதேதான். ஆகவே காலை ஆறு மணிக்கு அளந்து "சரியாயிருக்கு" என்பது ஏமாற்று. பாசி கரியமிலவாயுவை உறிஞ்சி பி.எச். உச்சத்தில் நிற்கும் பின்னேரம் மூன்று மணிக்கு இரண்டையும் அளந்து பெருக்கிப் பாருங்கள். நஞ்சு அமோனியா லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டவிடக்கூடாது.

சியோலைட்டுக் கல்மாவைக் கொட்டச் சொல்லி ஒரு வியாபாரி நிச்சயம் வருவார். நன்னீரில் அது அமோனியாவைப் பிடிக்கும். உவர் நீரில் சோடியம் முந்திக்கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுவதால் பிடிப்பது சொற்பம். அந்தக் காசுக்குத் தீன் தட்டு வாங்குங்கள்.

ஏனென்றால் அமோனியா முழுவதும் தீன் மூட்டையிலிருந்து வந்தது. 38 சதவீதப் புரதத் தீனில் 6 சதவீதம் நைதரசன். ஒரு தொன் இறாலுக்கு 1,600 கிலோ தீன் போனால் 97 கிலோ நைதரசன் குளத்துக்குள் போகிறது. அறுவடையில் இறாலோடு வெளியே வருவது ஏறத்தாழ 29 கிலோ. மீதி 68 கிலோ சேற்றிலும் தண்ணீரிலும், கடைசியில் களப்பிலும். தீனை 1,300 கிலோவுக்குக் கொண்டுவந்தால் உள்ளே போவது 79 கிலோ. ஒரு தொன்னுக்கு 18 கிலோ நைதரசனைக் களப்புக்கு விடாமல் தடுத்ததோடு 300 கிலோ தீன் காசும் மிச்சம். சுற்றாடலுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

செய்முறை: ஹெக்டயருக்கு 5, 6 தட்டு, சக்கரத்துக்கு நேர் முன்னால் வைக்காமல். ஒவ்வொரு வேளையும் போடும் தீனில் நூற்றுக்கு ஒன்றளவு தட்டில். இரண்டு மணி நேரத்தில் தட்டு காலியென்றால் அடுத்த வேளை அப்படியே. மிச்சமிருந்தால் அடுத்த வேளை 10 முதல் 20 சதவீதம் குறைவு. எல்லாத் தட்டிலும் பாதி மிச்சமென்றால் அடுத்த வேளையே இல்லை. தட்டைத் தூக்கிப் பார்க்காமல் "காலி" என்று எழுதும் பழக்கம் இரவுக் காவலுக்கு உண்டு. தட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு வெல்லப்பாகு உதவும். 1 கிலோ மொத்த அமோனியா நைதரசனைப் பற்றீரியா தன் உடம்பாக்க ஏறத்தாழ 20 கிலோ மாச்சத்து வேண்டும். பாகில் பாதிதான் மாச்சத்து என்பதால் 40 கிலோ. 1,000 கன மீற்றருக்கு 1 மில்லிகிராம் குறைக்க இந்தக் கணக்கு. மூன்று நாளாகப் பிரித்து, முற்பகலில் மட்டும், சக்கரம் முழு வேகத்தில் ஓடும்போது. பற்றீரியாவும் ஒட்சிசன் தின்னும். இரவில் பாகை ஊற்றிவிட்டு விடியலில் மேலே சொன்ன பகுதிக்கு வந்தவர்கள் அநேகர்.

அறுவடையன்று வெளியேறும் தண்ணீர் கறுத்து, நாறுகிறது

அறுவடையின் கடைசி 20 சதவீதத் தண்ணீரில்தான் அழுக்கு. முதல் 80 சதவீதம் மேலிருந்து மெதுவாக எடுத்தால் கிட்டத்தட்ட வாய்க்கால் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஆகவே பலகையைக் கீழிருந்து உருவாதீர்கள். மேலிருந்து ஒவ்வொன்றாக, நாளுக்கு இரண்டு பலகைக்கு மேல் வேண்டாம். கடைசிப் பங்கை மட்டும் படிவுக் குளத்துக்குத் திருப்புங்கள்.

அரை ஹெக்டயர்க் குளத்தின் 6,000 கன மீற்றரில் ஐந்திலொன்று 1,200. படிவுக் குளம் 1,000 சதுர மீற்றர் பரப்பும் 1.5 மீற்றர் ஆழமும் இருந்தால் தண்ணீருக்கு 1.2 மீற்றர், சேற்றுக்கு 30 செ.மீ. ஆறு மணி நேரம் அசையாமல் நின்றால் பருத்த துகள் படிந்துவிடும். ஒரு இரவு நின்றால் நல்லது. வேலை செய்யாத படிவுக் குளங்களில் மூன்று தப்பு திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, வாயும் வடிகாலும் ஒரே பக்கம். தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடும், குளத்தின் முக்கால் பங்கு சும்மா கிடக்கும். எதிர் மூலையில் வைத்து, நடுவில் தகரமோ தார்ப்பாயோ கட்டி வளைந்து போகச் செய்யுங்கள். இரண்டு, வடிகால் அடியில். தண்ணீரை மேற்பரப்பிலிருந்து வழியவிட வேண்டும். மூன்று, போன அறுவடையின் சேறு இன்னும் உள்ளே. இது எல்லாவற்றிலும் அதிகம்.

வாரிய சேற்றை வயலுக்குக் கொடுக்காதீர்கள், உப்பு நெல்லைக் கொன்றுவிடும். வரப்பின் உட்சரிவில் போட்டு இறுக்கலாம். தென்னந்தோட்டத்துக்குக் கேட்பவர்களுக்கு, ஒரு மழைக்காலம் முழுக்கக் கரை கட்டிய இடத்தில் நனைந்து உப்புப் போன பிறகு மட்டும் கொடுக்கலாம். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீருக்கான பொது வரம்பில் ஐந்து நாள் உயிரியல் ஒட்சிசன் தேவை (கழிவைத் தின்னப் பற்றீரியா எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராம், மிதக்கும் திண்மம் 50, பி.எச். 6 முதல் 8.5. உங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் சட்டம். பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகார சபையில் போய் விளக்கம் சொல்வதைவிடப் பலகையை மெதுவாக எடுப்பது சுலபம். 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட பண்ணைத் திட்டத்துக்குச் சுற்றாடல் அனுமதி நடைமுறை தனி. "இரண்டு இரண்டாகப் பிரித்து எழுதலாம்" என்று சொல்லும் தரகரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

வரப்போரம் சோர்ந்த இறால், ஓட்டின் உட்பக்கம் வெள்ளைப் புள்ளி, காகம் கூடுகிறது

வெண்புள்ளி வைரசு. இலங்கையின் இறால் தொழிலை 1996இல் முறித்துப்போட்ட நோய் இது. அன்று ஒரு பண்ணை திறந்துவிட்ட தண்ணீரை அடுத்த பண்ணை இறைத்துக்கொண்டது. பிறகு வந்த பயிர்க்காலண்டர், வலயம் வலயமாக முறை வைத்துக் குஞ்சு விடும் ஒழுங்கு, அந்தப் பாடத்திலிருந்து வந்தது. உங்கள் வலயத்தின் முறைக்கு முன்னால் குஞ்சு விடுவது சாமர்த்தியம் அல்ல.

அறிகுறி: ஓரிரு நாள் தீன் எடுப்பு சட்டென்று குறையும். குடல் காலியாக இருக்கும். தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அரை முதல் 2 மில்லிமீற்றர் வெள்ளைப் புள்ளிகள். சிலவற்றில் உடம்பு சிவக்கும். மூன்று முதல் பத்து நாளில் குளம் காலி. ஆனால் புள்ளி இருந்தால் மட்டும் இதுவென்று முடிவு கட்ட முடியாது. பற்றீரியாவாலும் புள்ளி வரும். புள்ளி தெரியாமலும் சாகும். மரபணுச் சோதனைதான் முடிவு. செவுளும் (பூ) நீந்து கால்களும் வெட்டி 95 சதவீத எதைல் அற்ககோலில் போடவும். போர்மலினில் போட்டால் அந்தச் சோதனைக்கு உதவாது.

முடிவு வருமுன்னே செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

1. உள்மதகு, வெளிமதகு இரண்டையும் அடைத்துப் பலகை இடுக்குகளில் களிமண் அப்பவும். சொட்டும் கசியக்கூடாது.
2. பக்கத்துப் பண்ணைகளுக்கும் நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகார சபை) விரிவாக்க அலுவலருக்கும் உடனே சொல்லவும். மறைத்தால் விலை குறையாமல் விற்கலாம் என்ற கணக்கு அடுத்த போகத்தில் உங்கள் தலையிலேயே விடியும்.
3. குளத்துக்கு மேலே நூல் கட்டவும், காகம் செத்த இறாலைத் தூக்கி அடுத்த குளத்தில் போடும். நண்டு வேலியில்லாவிட்டால் 40 செ.மீ. உயரப் பொலித்தீன் நிறுத்தவும். நண்டு இந்த வைரசைச் சாகாமல் சுமக்கும்.
4. விற்கக்கூடிய அளவு என்றால், அலுவலரின் அனுமதியோடு இழுவலையால் மட்டும் பிடிக்கவும். வடித்துப் பிடிக்கக்கூடாது. பெட்டி கழுவிய தண்ணீரும் ஐஸ் உருகிய தண்ணீரும் நோய்க் குளத்துக்குள்ளேயே ஊற்றப்பட வேண்டும். இந்த வைரசு மனிதரைத் தொற்றாது; பேலியகொடையில் விற்பதில் தின்பவருக்கு ஆபத்து இல்லை. ஆபத்து அந்தத் தலைகளைத் தூண்டில் இரையாக வாங்கிக்கொண்டு களப்புக்குப் போகிறவரால் வருவது.
5. குளோரின். செயற்படும் குளோரின் லீற்றருக்கு 30 மில்லிகிராம். 6,000 கன மீற்றருக்கு 180 கிலோ. 65 சதவீதத் தூள் என்றால் 277 கிலோ, புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் 30 சதவீதத் தூள் என்றால் 600 கிலோ. பழைய மூட்டையில் பலம் இறங்கியிருக்கும்.

வெயில் குளோரினைத் தின்றுவிடும், மாலையில் போடவும். பி.எச். உயர உயரக் குளோரினின் பலம் சுருங்கும். ஆகவே சுண்ணாம்பை முன்னால் போடுபவர் காசைக் கரைக்கிறார். அழுக்குத் தண்ணீர் முதல் மணி நேரத்திலேயே பெரும்பங்கை விழுங்கும். போட்ட ஒரு மணி நேரம் கழித்து மீதியை அளந்து, ஒன்றுமில்லை என்றால் மேலும் போட வேண்டும்.

ஏழு நாள் அடைத்து வைத்து, சக்கரத்தை ஓடவிட்டு, மீதிக் குளோரின் பூச்சியம் என்று சோதனை காட்டிய பிறகுதான் படிவுக் குளம் வழியாக வெளியே. அவசரமென்றால் 1 பங்கு குளோரினுக்கு 7 பங்கு சோடியம் தயோசல்பேற்று. குளோரினோடு திறந்துவிட்டால் வாய்க்காலின் மீன் குஞ்சும் கண்டல் வேரடியில் வளரும் இறால் குஞ்சும் சாகும், அடுத்த போகத் தாய் இறாலை எங்கே பிடிப்பது? செத்தவற்றை நிலத்தடி நீருக்கு மேலே குழி வெட்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கவும்.

அன்ரிபயோட்டிக்கு வைரசுக்கு ஒன்றும் செய்யாது. குளோரம்பெனிக்கோல், நைத்திரோபியுரான் இரண்டும் உணவு விலங்குக்குத் தடை. ஏற்றுமதிப் பெட்டியில் துளி தெரிந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

முதல் மழைக்குப் பிறகு வரப்போரம் துரு நிறத் தண்ணீர், வாய்க்காலில் மீன் செத்து மிதக்கிறது

கண்டல் நிலத்தை வெட்டிக் குளம் செய்த இடங்களின் பழைய கடன் இது. அந்தச் சேற்றில் இரும்புச் சல்பைட்டு உறங்குகிறது. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும். வரப்பை உயர்த்தியபோது மேலே வந்த மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அதுதான். ஒக்டோபர், நவம்பர் மழை அமிலத்தைக் கழுவிக் குளத்துக்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் இறக்கும்.

சோதனை: ஒரு தேக்கரண்டி மண்ணில் 30 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு விட்டு, நுரைத்து ஆறிய பிறகு பி.எச். பாருங்கள். 3க்குக் கீழே விழுந்தால் சந்தேகம் வேண்டாம். கண்ணாடிக் குவளையில், கையுறையோடு.

அடிமண்ணை வெயிலில் பிளக்கக் காய விடுவது சாதாரண நிலத்தில் நல்ல பழக்கம், இந்த நிலத்தில் தற்கொலை. காயவிட்டால், தண்ணீர் நிரப்பி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் படிவுக் குளத்தில் சுண்ணாம்பால் பி.எச். 6.5க்கு மேலே ஏற்றிய பிறகே விட வேண்டும். இரண்டு மூன்று முறை. வரப்புச் சரிவில் சதுர மீற்றருக்கு அரைக் கிலோ விவசாயச் சுண்ணாம்பு தூவிப் புல்லைப் பிடிக்க வையுங்கள். கண்டலை வெட்டிப் புதுக்குளம் வெட்டும் யோசனை இருந்தால் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த மண்ணை நினைத்தாவது விட்டுவிடுங்கள்.

அயல் வீட்டுக் கிணறு உவர்க்கிறது

வாக்குவாதத்துக்குப் போகுமுன் அளவு வேண்டும். பண்ணையிலிருந்து நேர்கோட்டில் மூன்று கிணறு, கிட்ட, நடு, தூரம். மாதம் ஒருமுறை மின்கடத்துதிறனும் குளோரைட்டும். மூன்றும் ஒன்றாக ஏறினால் வரட்சி, அல்லது ஊரே இறைக்கிறது. கிட்டவுள்ளது மட்டும், குளம் நிரப்பிய பிறகு ஏறினால் பொறுப்பு உங்களுடையது. குடிநீரில் குளோரைட்டு வரம்பு லீற்றருக்கு 250 மில்லிகிராம். கடல் தண்ணீரில் 19,000 அளவு. நூறு வாளி நல்ல தண்ணீரில் ஒரு வாளிக்குச் சற்றுக் கூடக் கடல் தண்ணீர் கலந்தாலே வரம்பு தாண்டும். "கொஞ்சம்தானே கசிகிறது" என்பது வாதம் அல்ல.

வரப்பின் வெளியடியில் குளத்தின் அடிமட்டத்தைவிட ஆழமான வெட்டுக்கான் எடுத்து, ஊறும் தண்ணீரைத் திரும்பக் குளத்துக்கே இறையுங்கள். மணல் நிலமென்றால் களிமண் திணித்த நடுச்சுவரோ தடித்த பொலித்தீனோ இல்லாமல் தீராது. வேனிலில் உவர்ப்பைக் குறைக்கக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் குளத்தில் விடுவது கிணற்றை இரண்டு பக்கமாகக் கொல்லும். வேலை முடியும்வரை அந்த வீட்டுக்குப் பவுசர் தண்ணீர் உங்கள் செலவு.

கொடுவா மீன் வளர்க்கும் வலைக்கூட்டின் கீழே கறுத்த சேறு, அழுகிய முட்டை வாடை, வெள்ளைப் படலம்

ஐதரசன் சல்பைட்டு. கடல் நீரில் சல்பேற்று நிறைய. அடியில் ஒட்சிசன் தீர்ந்ததும் பற்றீரியா அதை இழுக்கும். வெள்ளைப் படலம் அந்த வாயுவைத் தின்னும் இன்னொரு பற்றீரியா, அது தெரிந்தால் விஷயம் முற்றிவிட்டது.

5 செ.மீ. விட்டப் பிவிசி குழாயைச் சேற்றில் அமுக்கி, மேல் வாயைக் கையால் பொத்தி உருவுங்கள். கூட்டின் கீழ், 25 மீற்றரில், 100 மீற்றரில் மூன்று இடம். எத்தனை செ.மீ. ஆழத்தில் கறுப்புத் தொடங்குகிறது என்று எழுதுங்கள். 100 மீற்றரில் 4 செ.மீ., கூட்டின் கீழ் பூச்சியம் என்றால் குற்றம் கூட்டினுடையது.

காரணம் பெரும்பாலும் இடம். வலையின் அடிக்கும் தரைக்கும் 2, 3 மீற்றர் இடைவெளி வேண்டும். நீர்கொழும்புக் களப்பின் சராசரி ஆழமே ஒரு மீற்றருக்குக் குறைவு. வாய்க்கால் ஓடும் முகத்துவாரப் பக்கத்தைத் தவிர அங்கே ஆழக் கூடு கட்ட இடமில்லை. ஓட்டத்தை அளக்கப் பாதி தண்ணீர் நிரப்பிய பிளாத்திக்குப் போத்தலை மிதக்கவிட்டு 10 மீற்றருக்கு எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். 100 செக்கனுக்கு மேல் எடுத்தால், அதாவது செக்கனுக்கு 10 செ.மீ.க்குக் குறைந்தால், கழிவு அங்கேயே விழும்.

அடுத்த காரணம் சூடை மீனை வெட்டிப் போடுவது. ஒரு கிலோ கொடுவாவுக்கு ஆறு, ஏழு கிலோ சூடை போகும். துண்டில் பாதி அடிக்குப் போகும். மிதக்கும் குளிகைத் தீனில் 2 கிலோவுக்குள் முடியும், மிச்சம் கண்ணுக்கும் தெரியும். வலைக் கண் சிப்பியும் பாசியும் பிடித்து அடைத்தால் ஓட்டம் நின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, கரையில் காயவைத்து உதறுங்கள், கூட்டின் மேலேயே கழுவி இறக்காதீர்கள்.

கறுத்த சேற்றைக் கிளறி அகற்றும் யோசனை வேண்டாம், அடைபட்ட வாயு ஒரேயடியாக மேலே வந்து மீனைக் கொல்லும். கூட்டை நகர்த்தி, பழைய இடத்தைச் சும்மா விடுங்கள். 100 மீற்றர் தூரத்துச் சேற்றில் கறுப்புத் தொடங்கும் ஆழத்துக்கு இங்கேயும் கறுப்பு இறங்கும்வரை திரும்ப வராதீர்கள்.

சிப்பி தின்றவர்களுக்கு வயிற்றோட்டம், அல்லது உதடு மரக்கிறது

இரண்டும் வேறு வேறு. உதடு, நாக்கு, விரல் நுனி மரத்தால் அது பாசி நஞ்சு. அந்த நிமிடமே வைத்தியசாலை, விற்பனை அன்றே நிறுத்தம். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அனுமதி வரம்பு கிலோ இறைச்சிக்கு 800 மைக்கிரோகிராம், அதை ஆய்வுகூடம்தான் சொல்ல முடியும்.

வயிற்றோட்டம் என்றால் தண்ணீரில் மலக்கழிவு, அல்லது கொண்டுபோகும் வழியில் சிப்பி சூடேறியது. மழைக்குப் பின் களப்புக்குள் இறங்கும் வெள்ளத்தோடு மலசலக் குழியும் வரும். சிப்பி நாள் முழுக்க அதை வடிகட்டித் தன் வயிற்றில் சேர்க்கும். கனமழைக்குப் பின் அறுவடையை நிறுத்தி, சோதனை தெளிந்த பிறகே தொடங்க வேண்டும். பச்சையாகத் தின்னத் தகுந்த சிப்பியில் 100 கிராம் இறைச்சிக்கும் உட்தண்ணீருக்குமாக, மலக்கழிவைக் காட்டும் பற்றீரியாவான ஈ. கோலி 230ஐத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய அளவு. களனி முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத்துக் கல்லில் ஒட்டிய சிப்பியை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம்.

புற ஊதாவிளக்கில் சுத்தமாக்கிய கடல் நீரில் 36 முதல் 48 மணி நேரம் வைத்தால் குடல் பற்றீரியா குறையும். நோரோ வைரசும் பாசி நஞ்சும் ஈயமும் அதில் போகாது. விப்ரியோ என்ற கடல் பற்றீரியாவுக்கும் அதை நம்ப முடியாது. அதற்கு மருந்து குளிர். அறுத்த சில மணி நேரத்தில் 10 பாகைக்குக் கீழே இறக்கி, ஐஸ் உருகிய தண்ணீர் படாமல், கொழும்பு ஹோட்டலின் குளிர் அறைவரை அப்படியே. தட்டில் பிழியும் தேசிக்காய்ப் புளி கிருமியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம்.

ஆய்வுகூட முடிவு வந்தது, ஆனால் நம்ப முடியவில்லை

பிழை அநேகமாகப் போத்தலில். ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது, குளத்திலேயே அளக்க வேண்டும். உயிரியல் ஒட்சிசன் தேவைக்கான போத்தலைக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, அமிலம் விடக்கூடாது. அமோனியாப் போத்தலுக்குக் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே. பற்றீரியாவுக்குக் கிருமி நீக்கிய போத்தல், உட்பக்கத்தில் விரல் படாமல்.

ஐந்தாம் நாள் வாசிக்க வேண்டிய சோதனை என்பதால் திங்களில் தொடங்கினால் முடிவு சனியில் விழும், செவ்வாயில் தொடங்கினால் ஞாயிறில். புதன், வியாழன் காலையில் காக்கைத்தீவிலுள்ள நாராவிலோ (தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம்) வேறு ஆய்வுகூடத்திலோ சேர்த்துவிடுங்கள். ஐந்தாம் நாள் போயாவா என்றும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். போத்தலில் பென்சிலால், மை ஐஸில் கரையும்: குள எண், மணி, ஆழம், வெளிமதகுக்கு உள்ளேயா வெளியேயா, பலகை எத்தனை தூக்கியிருந்தது.